மட்டக்களப்பு வெக்கையில் ஒரு பிரெஞ்சுப் பாற்கட்டித் தட்டு: வாசகர் கேள்வி – பதில்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை ஒட்டிப் பிரான்சிலிருந்து ஊருக்கு வந்த உறவுகள் திரும்பிப் போன பிறகு, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் மணமே மாறிவிடுகிறது. இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, ஒரே பொருளைப் பற்றியவை: பிரான்சின் மென்மையான பாற்கட்டி. ஆகவே கறிவேப்பிலைக் கன்று வாடுவது பற்றியும் இடியப்ப உரல் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பாரிஸில் லா சப்பல் பக்கம் இருக்கும் என் தம்பி, மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்தபோது மெல்லிய மரப்பெட்டி ஒன்றில் வட்டமான ‘கமம்பேர்’ சீஸ் கொண்டு வந்தான். பெட்டியைத் திறந்தால் மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். மாட்டுப்பட்டி மணமும் வருகிறது. பழுதாகிவிட்டது, எறி என்கிறார் அம்மா. தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. யார் சொல்வது சரி? உண்பதென்றால் தோலை உரிக்க வேண்டுமா? (கல்லடி வாசகி)

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. ஆனாலும் அம்மாவின் மூக்கை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தப் பாற்கட்டியை என்றைக்கு உண்பது என்பதை முடிவு செய்ய அதே மூக்குத்தான் உங்களுக்கு உதவப் போகிறது.

நமது எருமைத் தயிரில் பாலை உறைய வைப்பது புளிப்பு. கமம்பேரில் அந்தப் புளிப்போடு, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைநொதியும் சேர்கிறது. நோர்மண்டிப் பகுதியின் மரபு முறைப்படி, உறைந்த பாலை உடைத்துக் கலக்காமல், அகப்பையால் மெதுவாக அள்ளி, அடியில்லாத சிறு வளைய அச்சுகளில் இடுகிறார்கள். ஓர் அச்சுக்கு ஐந்து அகப்பையாவது வேண்டும். ஒன்று வடிந்து தாழ்ந்த பிறகே அடுத்ததை ஊற்றுவார்கள். எவரும் அழுத்துவதில்லை, தன் பாரத்திலேயே நீர் வடிகிறது. பிறகு உப்பிட்டு, குளிர்ந்த ஈர அறையில் ஏறத்தாழ மூன்று கிழமை பழுக்க விடுகிறார்கள். அந்த நாட்களில் மேலே படர்வதுதான் நீங்கள் கண்ட வெண்பூஞ்சணம். பெனிசிலியம் கமம்பேர்ட்டி என்பது அதன் பெயர். தெரிந்தே, வேண்டுமென்றே இடப்படுவது. அது மேற்பரப்பிலுள்ள புளிப்பைத் தின்று, தன் நொதிகளால் பாற்புரதத்தை அறுத்து, சுண்ணாம்புக் கட்டிபோல இருந்த உட்பகுதியை வெளியிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாக இளக்குகிறது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இன்னும் கட்டியாக நின்றால், பாற்கட்டி பாதி வழியில் இருக்கிறது என்று பொருள். பாதி வழியிலேயே அதை விரும்புகிறவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சி.

பழுத்துவிட்டதா என்பதைத் தொட்டே அறியலாம். பெட்டியிலிருந்து எடுத்து, தாளோடு உள்ளங்கையில் வைத்து, நடுவில் பெருவிரலால் மெதுவாக அழுத்துங்கள். கொய்யாக்காய்போல எதிர்த்தால் இன்னும் மூன்று நான்கு நாள் குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் இருக்கட்டும். பழுத்த அன்னமுன்னாபோல நடுவும் ஓரமும் ஒரே மாதிரி இடம் கொடுத்தால் அன்றைக்கே உண்ணுங்கள். மணத்தில் காளானும் பட்டியும் ஈர வைக்கோலும் இருக்கலாம். தாளைப் பிரித்ததும் மூக்கில் குத்துகிற அமோனியா மணம் வந்தால், கால் மணி நேரம் திறந்து வைத்துப் பாருங்கள். அதற்குள் கலைந்தால் குற்றமில்லை. கலையாவிட்டால் புரதம் அளவுக்கு மிஞ்சி அறுபட்டுவிட்டது, கசக்கும். வெள்ளைத் தோலில் செம்மண் நிறக் கோடுகள் தோன்றுவது முதிர்ச்சியின் அடையாளம். பச்சையாகவோ கறுப்பாகவோ மயிர்ப் பூஞ்சணம் முளைத்திருந்தாலும், இளஞ்சிவப்பாக வழுவழுத்தாலும், அம்மா சொன்னபடி எறிந்துவிடுங்கள். இத்தகைய மென்மையான கட்டியில் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டு மீதியை உண்பது நல்லதல்ல.

தோலை உரிக்கத் தேவையில்லை, அதுவும் உணவுதான். முதல் துண்டைத் தோலோடு உண்டு பாருங்கள். கசப்பாகத் தோன்றினால் அடுத்த துண்டில் நீக்கிக்கொள்ளலாம்.

தம்பியிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் ‘கமம்பேர் த நோர்மண்டி’ என்று இருக்கிறதா, அல்லது வெறும் கமம்பேர் என்று இருக்கிறதா? முதற்பெயர் 1983ஆம் ஆண்டு முதல் பிரான்சின் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. காய்ச்சாத பாலில், நான் மேலே சொன்ன முறைப்படி, நோர்மண்டியிலேயே செய்யப்பட்டதற்குத்தான் அப்பெயர் உரியது. வெறும் கமம்பேர் என்ற பெயரை எவரும் எங்கும் பயன்படுத்தலாம். 1791இல் மரி அரெல் என்ற பெண்மணி இதை முதன்முதலாகச் செய்தார் என்று நோர்மண்டியிலுள்ள கமம்பேர் என்ற ஊரார் சொல்வதை வரலாற்றாசிரியர்கள் முழுவதுமாக ஏற்பதில்லை. மரப்பெட்டியின் கதையில் அந்தச் சிக்கல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வந்த பிறகுதான் இந்த மெல்லிய பண்டம் நசுங்காமல் தொலைதூரம் பயணிக்க முடிந்தது. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த பிரெஞ்சுப் படையினருக்கும் இது பங்கீட்டில் போய்ச் சேர்ந்தது. உங்கள் தம்பி கட்டுநாயக்கா வரை கொண்டு வந்ததும் அதே பெட்டியின் தயவில்தான்.

கேள்வி: நண்பர் வீட்டில் தேநீரோடு, சாப்பாட்டுக்கு முன்னரே சீஸ் தட்டு வைத்தார்கள். பிரெஞ்சுக்காரரும் அப்படித்தானா? கடையில் வாங்கும் முக்கோண சீஸையும் அந்தத் தட்டில் வைக்கலாமா? (செங்கலடி ஆசிரியர்)

பதில்: பிரெஞ்சு விருந்தில் பாற்கட்டியின் இடம் முதன்மை உணவுக்குப் பின்னும் இனிப்புக்கு முன்னும் ஆகும். 2010இல் யுனெஸ்கோ பிரெஞ்சு விருந்து முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த முறையின் படிகளுள் பாற்கட்டியையும் ஒன்றாகக் குறித்தது. தட்டு மேசையை ஒருமுறைதான் சுற்றும். இரண்டாம் முறை கேட்பது, சமைத்தவரின் முந்திய உணவு போதவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்று பழைய குடும்பங்கள் கருதுகின்றன. நம் ஊரில் தேநீரோடு வைத்த உங்கள் நண்பர் குற்றமேதும் செய்யவில்லை. ஆனால் வயிறு பசித்திருக்கும்போது பாற்கட்டியை வைத்தால், அதன் பின் வரும் சோற்றுக்கும் கறிக்கும் இடமிருக்காது.

முக்கோணத் துண்டுகள் 1921இல் பிரான்சின் ஜூரா பகுதியில் லெயோன் பெல் என்பவர் சந்தைப்படுத்திய வகையின் வழித்தோன்றல்கள். ஏற்கெனவே செய்த பாற்கட்டியை உருக்கி உப்புகள் சேர்த்து மீண்டும் உறைய வைப்பதால், அவை பழுப்பதும் இல்லை, மாறுவதும் இல்லை. பிள்ளைகளின் பாணுக்குள் வையுங்கள், தட்டில் வேண்டாம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். மாப்பிள்ளை பிரான்சிலிருந்து இரண்டு வகை சீஸ் கொண்டு வந்திருக்கிறார். உம்மா ஹலாலா என்று கேட்கிறார். சீஸில் பால்தானே இருக்கிறது, வேறென்ன இருக்கப் போகிறது? (கல்முனை வாசகர்)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. மேலே கல்லடி வாசகிக்குச் சொன்னதுபோல், மரபான பிரெஞ்சுப் பாற்கட்டிகளில் பாலைத் திரட்டுவது பெரும்பாலும் பால்குடிக் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதி. அந்தக் கன்று எம்முறையில் அறுக்கப்பட்டது என்பதைப் பெட்டி சொல்லாது. உறைநொதி பற்றி மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு என்பதால், தீர்ப்பை உங்கள் ஊர் உலமாவிடமே விட்டுவிடுகிறேன். அவரிடம் கேட்பதற்கு வேண்டிய விவரத்தை மட்டும் தருகிறேன்.

பொதியின் சேர்மானப் பட்டியலில் ‘பிரெசூர்’ என்று ஒலிக்கும் சொல் இருந்தால், அது விலங்கின் இரைப்பையிலிருந்து வந்த நொதி. ‘கொஅகுலான்’ என்ற சொல் இருந்தால் நுண்ணுயிரிலிருந்தோ தாவரத்திலிருந்தோ பெறப்பட்டதாக இருக்கும். மாப்பிள்ளை பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் ஒரு நிமிட வேலைதான். இன்னொன்று, எப்வாஸ் என்ற செம்மஞ்சள் தோல் வகை வந்திருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பூர்கோஞ்ஞ் பகுதியில் திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் சாராயத்தால் அதன் தோலைப் பல முறை கழுவியே பழுக்க வைக்கிறார்கள். அதற்கு உலமாவைக் கேட்கத் தேவையே இராது.

மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் இந்து வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பாலென்று நினைத்து விரத நாளில் கமம்பேரை வெட்டிவிட்டு, பிறகு கன்றின் கதையை அறிந்து மனம் நொந்த ஒரு பெரியம்மாவை நான் அறிவேன்.

கேள்வி: மகனின் நண்பர்கள் எட்டுப் பேர் வருகிறார்கள். பிரெஞ்சுப் பாற்கட்டித் தட்டு ஒன்று வைக்க ஆசை. எத்தனை வகை, எவ்வளவு, எப்படி வெட்டுவது, எதனோடு உண்பது? இங்கே மின்விசிறி போட்டாலும் வியர்க்கிறதே, உருகிவிடாதா? (திருக்கோவில் வாசகி)

பதில்: உருகும். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம், மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தவை.

பிரெஞ்சு நூல்கள் பாற்கட்டியை ஒரு மணி நேரம் முன்னரே வெளியே எடுத்து வைக்கச் சொல்கின்றன. அது 18 பாகை உள்ள அறைக்குச் சொன்ன சொல். நமது கரையோரத்தில் மாலையிலும் 30 பாகையை அண்டி நிற்கும் வெக்கையில், பாற்கொழுப்பின் பெரும் பகுதி தானே இளகிவிடும். ஆகவே இருபது நிமிடம் போதும். நன்றாகப் பழுத்திருந்தால் பத்து நிமிடம். பகல் விருந்தைத் தவிர்த்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள். மரப்பலகைக்குப் பதிலாக, மெருகிடாத மண் தட்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, அதன்மேல் வாழையிலைத் துண்டு ஒன்றை விரித்துப் பாற்கட்டியை வைத்தால், மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல அடியிலிருந்து குளிர்ச்சி ஏறிக்கொண்டிருக்கும். மின்விசிறி நேரே படக்கூடாது, வெட்டிய முகம் காய்ந்து மஞ்சளாகும். எறும்புக்கு வழி உங்களுக்குத் தெரிந்ததே: தட்டை ஒரு கிண்ணத்தின் மேல் ஏற்றி, கிண்ணத்தைத் தண்ணீரில் நிறுத்துங்கள்.

கொழும்பில் வாங்குவதாக இருந்தால் வழிப்பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒருமுறை நான் பழுத்த கமம்பேர் ஒன்றை இரவு பஸ்ஸின் மேல்தட்டில் வைத்துவிட்டு உறங்கிவிட்டேன். பொலன்னறுவை தாண்டியதும் நடத்துனர் விளக்கைப் போட்டு, இருக்கைகளுக்கு அடியில் டோர்ச் அடித்துச் செத்த எலியைத் தேடத் தொடங்கினார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து குனிந்து தேடினேன். அன்றிலிருந்து மூடியுள்ள குளிர்பெட்டியும் ஐஸ் பொதியும் இல்லாமல் நான் எதையும் கொண்டு வருவதில்லை.

வகை மூன்று போதும். ஆட்டுப்பாலில் ஒன்று, வெண்தோலில் ஒன்று, கழுவிய தோலில் ஒன்று. ஆட்டுப்பால் வகையில் செந்த் மோர் கிடைத்தால் வாங்குங்கள். அந்த மோர் நம் மோரல்ல, ஊர்ப் பெயர். சாம்பல் பூசிய நீள உருளையாக, நடுவே ஒரு வைக்கோல் தண்டு ஓட இருக்கும். வெண்தோலுக்கு கமம்பேர், அல்லது அதைவிடச் சாதுவான பிரீ. ‘பிரீ த மோ’ என்ற அசல், 36 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ எடையும் கொண்ட பெருவட்டமாகையால் எப்போதும் ஆப்புத் துண்டாகவே விற்பார்கள். 1815 வாக்கில் வியன்னா மாநாட்டில் கூடியிருந்த இராஜதந்திரிகள் நாட்டெல்லைகளைப் பேசிக் களைத்த ஒரு பொழுதில் இதற்குப் பாற்கட்டிகளின் அரசன் என்ற பட்டத்தைச் சூட்டினார்கள் என்பது கதை. கழுவிய தோலுக்குப் பொன்-லெவெக் அல்லது மன்ஸ்தேர்: உப்புநீரால் கழுவிக் கழுவித் தோல் செம்மஞ்சளானவை, மணம் பெரிது, சுவை மணத்தைவிட எவ்வளவோ சாது. இம்மூன்றும் கிடைக்காவிட்டால் ஒரே ஒரு நல்ல கமம்பேரை வைப்பது, சுவையற்ற ஐந்தை அடுக்குவதைவிட மேல்.

சாப்பாட்டுக்குப் பின் என்றால் ஒருவருக்கு மொத்தம் 40 அல்லது 50 கிராம் கணக்கிடுங்கள். எட்டுப் பேருக்கு 400 கிராம் தாராளம்.

வெட்டும் முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓரத்தில் தோல் மிகுதி, நடுவில் உட்பகுதி மிகுதி. ஒவ்வொருவருக்கும் இரண்டும் கிடைக்க வேண்டும். கமம்பேரை நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கேக் வெட்டுவதுபோல் வெட்டுங்கள். பிரீ ஆப்பின் கூர்முனையை எவராவது குறுக்கே அரிந்து எடுத்துக்கொண்டால், மீன் தலைக்கறியில் கண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டவரைப் பார்ப்பதுபோல் மேசை பார்க்கும். நீளவாக்கில் மெல்லிய கீற்றாகவே எடுக்க வேண்டும். செந்த் மோரில் வைக்கோலை முதலில் உருவிவிட்டு வட்டம் வட்டமாக அரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி வையுங்கள். உண்பது சாதுவிலிருந்து காரத்துக்கு: ஆடு, வெண்தோல், கடைசியில் கழுவிய தோல்.

துணைக்குப் பாண். போர்த்துக்கேயர் இந்தச் சொல்லை விட்டுச் சென்றார்கள், குசினியையும் விட்டுச் சென்றார்கள், பாற்கட்டியை மட்டும் ஏன் தங்களோடு எடுத்துச் சென்றார்களோ தெரியாது. அன்று சுட்ட, தோல் முறுகிய ரோஸ் பாணைக் கையால் பிய்த்து வையுங்கள், வெண்ணெய் பூசவேண்டாம். பிரான்சில் அக்ரூட்டு வைக்கும் இடத்தில் நம்மூர்க் கஜுவை, உப்பில்லாமல், வெறும் சட்டியில் பொன்னிறம் தொடங்கும்வரை வறுத்து வைக்கலாம். பழத்தில் சற்றுக் கெட்டியான கொய்யா மிகப் பொருத்தம், காலம் கூடினால் நாவற்பழமும். மாம்பழத்தின் மணம் பாற்கட்டியை அடக்கிவிடும். அன்னாசியை அருகில் கொண்டு வராதீர்கள். அதிலுள்ள நொதி பாற்புரதத்தை அறுத்து நாவில் கசப்பை ஏற்றும். தேனை ஊற்றாமல் துளியாக விடவேண்டும். ஆட்டுப்பால் வட்டம் ஒன்றின்மேல் கித்துள் பாணி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தயிரும் பாணியும் உண்டு வளர்ந்த நாக்குக்கு அதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. குடிக்க இளஞ்சூட்டில் சீனியில்லாத பிளேன் ரீ. ஐஸ் தண்ணீர் கொடுத்தால் கொழுப்பு மேல்வாயில் மெழுகுபோல் ஒட்டிக்கொள்ளும்.

மிச்சமானால் வெட்டிய முகத்தில் எண்ணெய்த்தாளை ஒட்டி, அதன் சொந்தத் தாளிலேயே சுற்றி வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் வியர்த்துப் புழுங்கும். உறைபெட்டியில் வைத்தால் மென்மை போய் மணல்போலாகும்.

கேள்வி: மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பிரான்சிலிருந்து வந்த சீஸைப் பார்த்து ஆசைப்படுகிறாள். கொடுக்கலாமா? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: கொடுக்க வேண்டாம். பிள்ளைத்தாச்சியின் ஆசையை மறுப்பது கடினம் என்பது தெரியும். ஆயினும் வெண்தோல், கழுவிய தோல் வகை மென்பாற்கட்டிகளில், குறிப்பாகக் காய்ச்சாத பாலில் செய்தவற்றில், லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கக்கூடும். அது குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும். தாய்க்கு இலேசான காய்ச்சலாகத் தோன்றி வயிற்றுப் பிள்ளைக்குப் பெருங்கேடு செய்யும். பிரான்சிலேயே கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் காய்ச்சாத பாலில் செய்த இவ்வகையைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறையினர் சொல்கிறார்கள். ஏற்கெனவே உண்டிருந்தால் பதற வேண்டாம், ஆனால் காய்ச்சலோ உடல் உளைவோ வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டி, உண்டதைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்கு எருமை மாடுகள் இருக்கின்றன, சட்டித் தயிர் விற்கிறோம். அந்தத் தயிரிலிருந்து இந்தப் பிரெஞ்சு சீஸைச் செய்ய முடியாதா? (கொக்கட்டிச்சோலை வாசகர்)

பதில்: கமம்பேர் செய்ய முடியாது. அதற்குரிய பூஞ்சணமும், கிழமைக்கணக்கில் 12 பாகை அளவில் ஈரத்தோடு நிற்கும் அறையும் வேண்டும். படுவான்கரைக் காற்றில் வெறும் தயிரைத் திறந்து வைத்தால் வந்து குடியேறுவது எந்தப் பூஞ்சணம் என்று எவராலும் சொல்ல முடியாது. பழுக்க வைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஆனால் பிரான்சிலும் பழுக்க வைக்காமல் புதிதாகவே உண்ணும் மென்பாற்கட்டிகள் உண்டு. அவற்றுக்கு நெருங்கிய ஒன்றை உங்கள் வீட்டில் செய்யலாம்.

நன்றாகக் காய்ச்சிய பாலில் உறையவைத்த, அன்றைய சட்டித் தயிர் ஒன்றை எடுங்கள். பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் நீங்கள் தொடக்கத்திலேயே முன்னால் நிற்கிறீர்கள். கொதிநீரில் இட்டுப் பிழிந்த வெள்ளைத் துணியில் தயிரை, கலக்காமல், அகப்பையால் அடுக்கடுக்காக அள்ளி வைத்து, முடிந்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் தொங்கவிடுங்கள். ஓர் இரவும் மறுநாள் பாதியும் வடிந்தால், கத்தியால் வெட்டக்கூடிய வெண்கட்டி கிடைக்கும். மேலே நுண்ணிய உப்பைத் தூவி, இரண்டு நாளுக்குள் உண்டுவிடுங்கள். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள், ரொட்டி மா குழைக்க நல்லது. திருக்கோவில் அம்மாவுக்குச் செந்த் மோர் அகப்படாவிட்டால், தட்டின் முதல் இடத்துக்கு உங்கள் கட்டியே போதும்.